டக் டக் என்று கேட்ட பிறகு என்னிடம் வராதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நம்பகமான ஹார்ட் டிரைவ் எது, பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். பெயர் சொல்வதற்குப் பத்து வினாடி போதும். இன்று உலகத்தில் ஹார்ட் டிரைவ் செய்வதே மூன்று கம்பெனிதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றபடி பெட்டிமேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்று. இவற்றில் எதை வாங்கினாலும் ஒருநாள் அது சாகும், அதையும் சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது ஏமாற்று வேலை.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். ஒரு சனிக்கிழமை காலை ஒரு அக்கா வந்தார். பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ், தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது. என்ன அக்கா இது என்றால், டிரைவ் ஓடவில்லை, ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று மருமகன் சொன்னான், அதனால் ராத்திரி முழுக்க சமோசா பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்கிறார். டர்பன் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதுவும் இரண்டு நிமிஷத்தில் வியர்க்கும், அது உங்களுக்கே தெரியும். டிரைவுக்குள்ளேயும் அதேதான் நடக்கும். பெரும்பாலான டிரைவ்களில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கிறது, ஹீலியம் அடைத்து மூடியவற்றில்தான் கிடையாது. டிரைவுக்குள் நம் ஃபைல்கள் எழுதியிருக்கிற தட்டு ஒன்று சுழல்கிறது, குளிர்ந்த தட்டின்மேல் நீர் படிந்த நிலையில் அதைச் சுழற்றினால் கதை முடிந்தது.

அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதைப் படிக்கிற முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரம் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு. டக், டக், டக் என்று கேட்கிறதே, அது அந்த முனை தன் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பி வந்து, மறுபடி போகிற சத்தம். அதைக் கேட்டதும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்" என்று நீங்கள் போடுகிற ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழலாம், கீறல் விழுந்த இடத்தில் இருந்ததை யாராலும் எடுக்க முடியாது.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். பெட்டியிலோ விவரத்தாளிலோ, பழுதாகும் வரை சராசரியாகப் பத்து லட்சம் மணி நேரம் என்று ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். வகுத்துப் பாருங்கள், 114 வருஷம் வரும். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கிய நம் பாட்டன் கையோடு ஒன்று கொண்டு வந்திருந்தால் 1974 வரை ஓடியிருக்கும் என்று அர்த்தமா? இல்லை. ஆயிரக்கணக்கான டிரைவ்களைச் சேர்த்து ஓடவிட்டால் வருஷத்துக்கு நூற்றில் ஏறக்குறைய ஒன்று போகும், அவ்வளவுதான் அந்தக் கணக்கு சொல்வது. உங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒன்றா மற்ற தொண்ணூற்றொன்பதில் ஒன்றா என்று அது சொல்லாது.

பேக்பிளேஸ் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி, வாடிக்கையாளர்களின் பேக்கப்பை லட்சக்கணக்கான டிரைவ்களில் வைத்திருக்கிறது, எந்த மாடல் எவ்வளவு கெட்டது என்று 2013இலிருந்து பொதுவில் வெளியிட்டு வருகிறது. மொத்தத்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் வருகிறது. ஆனால் மாடலுக்கு மாடல் வித்தியாசம் பெரிது. சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாடல் அவர்களிடம் கொத்துக் கொத்தாகச் செத்தது, அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடல் நன்றாகவே ஓடியது. ஆகவே "இந்தக் கம்பெனி மோசம், அந்தக் கம்பெனி தங்கம்" என்று மச்சான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், மாடலைப் பாருங்கள். அதிலும் ஒரு சங்கடம், ஒரு மாடலின் வண்டவாளம் தெரியவரும்போது அது கடையிலேயே இருக்காது!

கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, இது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. எஸ்எம்ஆர் என்றால் தரவுத் தடங்களை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் எழுதுவது. நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கிற ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் அல்லவா, அதேபோல இதிலும் திருத்தி எழுதும்போது வேகம் படுத்துவிடும். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, அந்தத் தொல்லை இல்லை. வருஷத்துக்கு நாலு தடவை பேக்கப் எடுத்து வைக்க மட்டும் என்றால் எஸ்எம்ஆர் போதும். தினமும் வேலை செய்கிற கம்ப்யூட்டருக்குள் போட சிஎம்ஆர் வாங்குங்கள். பெட்டியில் இதைப் போடாமல் விற்ற காலமும் உண்டு. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வகையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளியே வந்து பெரிய ரகளையானது, அதற்கப்புறம்தான் சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள்.

அப்புறம் பில். நம் நாட்டில் 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை என்றால் பழுது பார்த்துத் தருவதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், கடைக்காரர் இல்லை. ஆனால் எந்தச் சட்டமும் எந்த வாரண்டியும் உள்ளே இருந்த படத்தைத் திருப்பித் தராது, புது டிரைவ் தரும், காலியாக. வாங்கியதும் சீரியல் நம்பரைக் கம்பெனி வலைத்தளத்தில் போட்டு வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றும் தெரியும், புது டிரைவ் என்றால் சைபரை ஒட்டி இருக்க வேண்டும். அந்த எண்ணையும் அழிக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய டிரைவ்களைப் புதிது என்று விற்றது பிடிபட்டது. ரொம்ப மலிவாக வந்தால் விட்டுவிடுங்கள். செக்டர் என்பது தட்டின் ஒரு சின்னத் துண்டு. அதே மென்பொருளில் மாற்றி ஒதுக்கிய செக்டர் (கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றியது), நிலுவையில் உள்ள செக்டர் (கெட்டதோ என்று சந்தேகத்தில் இருப்பது) என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். 2007இல் கூகிள் தன் ஒரு லட்சம் டிரைவ்களை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதனால் பூஜ்யம் என்பதற்காக நிம்மதியாகத் தூங்கவும் முடியாது.

எஸ்எஸ்டி, அதாவது தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதி வைக்கிற டிரைவ், வாங்கலாமா என்று கேட்பீர்கள். விண்டோஸ் இருக்கிற டிரைவ் எஸ்எஸ்டியாக இருக்கட்டும், சுழலும் பாகம் கிடையாது, வேகமும் உண்டு. ஆனால் போகும்போது டக் டக் என்று சொல்லிக்கொண்டு போகாது, நேற்று இருந்தது இன்று இல்லை. கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்க ஏற்றதும் இல்லை. படம், வீடியோ எல்லாம் பெரிய ஹார்ட் டிரைவில்.

லோட்ஷெடிங்கைப் பற்றி, அதாவது முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்துவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாட்டில் டிரைவ் பேச முடியாது. 2023இல் வருஷத்தின் பெரும்பாலான நாள் அதுதான் நம் காலண்டர். கரண்ட் போனதும் டிரைவ், தட்டு சுற்றுகிற வேகத்திலிருந்தே சக்தி எடுத்து முனையை ஓரத்துக்கு இழுத்துக்கொள்கிறது, அந்த அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் அதற்கு உண்டு. ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். அதைவிடப் பெரிய அடி, கரண்ட் திரும்பி வரும்போது ஏறிக் குதிக்கிற வோல்டேஜ். போனவுடன் சுவரில் ஸ்விட்சை அணையுங்கள், வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது, முதலில் அதை வாங்குங்கள், டிரைவில் கொஞ்சம் சின்னதாக வாங்கினாலும் பரவாயில்லை.

அந்த அக்கா கதை பாக்கி இருக்கிறது. டிரைவில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோவிலில் அவர் கணவர் எடுத்த கடைசிக் காவடியின் வீடியோ, பின்னால் ஆயா அரோகரா சொல்லுகிற குரல். தூசியில்லாத அறையில் திறந்து எடுக்கிற இடத்துக்கு அனுப்பினோம். அவர்கள் சொன்ன தொகையில் மூன்று புது டிரைவ் வாங்கலாம். போட்டோக்கள் பாதி வந்தன, வீடியோ வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வீடியோவின் ஒரு துண்டு பிறகு மருமகனின் பழைய போனில் கிடைத்தது, நாற்பது வினாடி.

இப்போது அவரிடம் இரண்டு டிரைவ். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாதத்தில் வாங்கியது, ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டும் ஒரே வாரத்தில் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டில், மற்றது டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் தங்கை வீட்டு அலமாரியில், பட்டுச்சேலைகளுக்கு நடுவே, செருப்புப் பெட்டியில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. தைப்பூசத்துக்கு ஒருமுறை, புரட்டாசிக்கு ஒருமுறை அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளும்போது டிரைவை மாற்றிக்கொள்கிறார்கள்.