ஆண் ஹோர்மோன் பிரச்சினை: யாழ்ப்பாணத்தில் யாரிடம் காட்டுவது?

(திரையில்: தனியார் வைத்தியசாலை ஒன்றின் சனல் கவுண்டர்)

ஆசை குறைவு, விறைப்பு வராமை, ஓயாத களைப்பு, தாடி வளர்வது மந்தமாவது. இதுகளோடு போகிறவர் கவுண்டரில் நின்று வருத்தத்தை விளக்கத் தேவையில்லை. “எண்டோகிரைன் டொக்டரைச் சனல் பண்ணவேணும்” என்றால் போதும். பலகையில் ‘அகஞ்சுரக்கும் தொகுதியியல் நிபுணர்’ என்று எழுதியிருக்கும். நீரிழிவும் தைரொயிட்டும் பார்க்கிறவரும் அவர்தான். பக்கத்துக் கதிரைக்காரர் உங்களுக்கும் சீனி வருத்தம் என்றே நினைப்பார்.

செலவில்லாமல் காட்ட, போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கிக் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். யூரோலொஜி (சிறுநீர்ப்பாதை) டொக்டர் விறைப்பையும் புரொஸ்டேட் சுரப்பியையும் நன்றாகப் பார்ப்பார். ஹோர்மோன் ஏன் குறைந்தது என்று துருவுவது எண்டோகிரைன் பக்கத்து வேலை. ஒருவரில் ஐயமிருந்தால் இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் அவரது பதிவைத் தேடலாம்.

(திரையில்: இரத்தம் எடுக்கும் கை, சுவர் மணிக்கூட்டில் 8.00)

அதிகம் பிழைப்பது இங்கேதான். ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலமை உச்சத்தில் நிற்கும், பின்னேரம் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். வேலை முடிந்து ஆறு மணிக்கு லாப்பில் இரத்தம் குடுத்து வந்த ‘குறைவு’ கணக்கில் வராது. வெறும் வயிற்றில், 7 தொடக்கம் 10 மணிக்குள், இரண்டு வேறு நாட்களில் குடுக்கவேண்டும். காய்ச்சல் மாறும்வரை பொறுங்கள். தலைமயிருக்குப் பயோட்டின் குளிசை போடுபவர் முதலே சொல்லவேண்டும். சில இயந்திரங்களில் அது அளவைப் பிழையாகக் காட்டும்.

அமெரிக்க யூரோலொஜி சங்கம் வைத்திருக்கும் எல்லை டெசிலீற்றருக்கு 300 நனோகிராம். லீற்றருக்கு நனோமோலில் அது ஏறக்குறைய 10.4. அலகைப் பார்க்காமல் 14 என்ற இலக்கத்தைக் கண்டு நித்திரை இழக்கவேண்டாம். நனோமோலில் அது சாதாரணம்.

இரண்டு தரமும் குறைந்தால், விசயம் தெரிந்தவர், மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியின் ஹோர்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலக்ரினை இரத்தத்தில் அளக்க எழுதுவார். முதல் இரண்டும் விதையை ஏவுபவை. எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விதையில். ஏறவேண்டியது ஏறாமல் கிடந்தால் கபச்சுரப்பிப் பக்கம். சின்ன வயதில் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியதா, மணம் தெரிகிறதா, குறட்டை உண்டா, ஜிம்மில் ஊசி போட்டதா என்றும் கேட்பார்.

(திரையில்: நூலில் கோத்த முட்டை வடிவ மணிகள்)

இது ஓர்கிடோமீற்றர். 1 முதல் 25 மில்லிலீற்றர் வரை இலக்கமிட்ட மணிகள். ஒரு கையால் விதையைத் தொட்டு, மற்றக் கையால் மணியோடு ஒப்பிட்டு அளவு சொல்வார். வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 15 அல்லது மேல். இரண்டும் 4 அளவில் சிறுத்து இறுகியிருந்தால் கிளைன்ஃபெல்டர் என்ற நிறமூர்த்தக் குறைபாட்டை நினைப்பார். உடம்பைத் தொட்டுப் பார்க்காமலே டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதுபவரிடம் இரண்டாம் தரம் போகாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் அவர் கேட்டே ஆகவேண்டும்: “இனிப் பிள்ளை வேணுமோ?” வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் அமத்தி, விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். சிலருக்கு அடியோடு நின்றே போகும். ஊசியை விட்டபிறகு திரும்பி வர மாதக்கணக்காகும், சிலருக்கு வருடத்துக்கு மேல். பிள்ளைக்குக் காத்திருப்பவருக்கு அதை எழுதுவது பெரும் பிழை. கபச்சுரப்பிக் கோளாறென்றால், எல்.எச். போல விதையை ஏவும் எச்.சி.ஜி. ஊசி என்றொரு வழி இருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்க முதல் ஹீமற்றோக்கிறிற் (இரத்தத்தில் செங்கலங்களின் வீதம்) பார்க்கவேண்டும், நாற்பது தாண்டியவருக்குப் பி.எஸ்.ஏ. என்ற புரொஸ்டேட் இரத்தப் பரிசோதனையும். 3 தொடக்கம் 6 மாதத்துக்குள் மறுபடி. ஹீமற்றோக்கிறிற் 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கியபிறகு குறைந்த அளவில் தொடங்குவார்கள். ஊசி போட்ட திகதிகளைக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனை எந்த நாளில் என்பது அதைப் பார்த்துத்தான்.