மாலை யாருக்கு, சண்டை யாரோடு?

(ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, டிவிசன்களிலிருந்து ஆட்டோ பிடித்தும் நடந்தும் வந்திருக்கும் அம்மாமார்களே, அண்ணன் தம்பிகளே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மலையக மக்களும் பொதுச் சேவைகளும்’. இதை அப்படியே எடுத்துப் பேசினால் பத்தாவது நிமிடத்தில் பாதிப்பேர் தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசப்போகிறேன். நம்மிடம் கோபத்துக்குக் குறைவில்லை. அதை இறக்கிவைக்கிற இடம்தான் பிழைத்துப்போகிறது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் கவுண்டரில் நிற்கிற பிள்ளையோடு சண்டை பிடிக்கிறோம். அந்த மருந்து வராமல் போனதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அடுத்த மாதம் திறப்பு விழாவுக்கு வந்தால், வரிசையில் நின்று மாலை போடுகிறோம்.

முதலில் வரியைப் பார்ப்போம். “நாங்க எங்க சேர் வரி கட்டுறோம், அது கொழும்புக்காரங்க வேலை” என்று இங்கே வரும் வழியில் ஒரு தம்பி என்னிடம் சொன்னார். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். வருமான வரி நமக்கு வராது என்பது உண்மை. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேலே உழைத்தால்தான் அந்த வரி. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நம்முடைய தோட்ட நாட்சம்பளத்தை 1350இலிருந்து 1550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவு 200 சேர்த்து 1750 என்று அறிவித்தார்கள். மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தாலும் 43,750. ஒன்றரை இலட்சம் எங்கே, நாம் எங்கே!

ஆனால் அந்த 43,750 வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? சவர்க்காரம், பற்பசை, பிள்ளையின் கொப்பி, காஸ் சிலிண்டர், போன் ரீலோட். வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. வற் உள்ள சாமானுக்கு நீங்கள் 1000 ரூபாய் கொடுத்தால் அதில் 152 ரூபாய் 50 சதம் வரி. கடைக்காரர் தனியாக எழுதிக் காட்டமாட்டார், நாமும் கேட்பதில்லை. ரீலோட் போட்டால் வற்றோடு தொலைத்தொடர்புத் தீர்வையும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேர்ந்து போகிறது. கொழுந்து பறிக்கிற அக்கா வாங்கும் சவர்க்காரத்துக்கும், அந்தக் கொழுந்தை ஏலத்தில் விற்கிற கம்பெனியின் பணிப்பாளர் வாங்கும் சவர்க்காரத்துக்கும் ஒரே 18 வீதம்தான். இந்த நாட்டின் வரிப்பணத்தில் பெரும்பங்கு இப்படிப்பட்ட மறைமுக வரிகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே தம்பி, நீங்களும் வரி கட்டுகிறீர்கள். காலையில் பல் விளக்குகிற நேரத்திலேயே கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், அம்மாமார் கவனியுங்கள். வேலையிலிருந்து நின்றதும் ஈபிஎஃப் என்கிற சேமலாப நிதிக் காசை எடுத்து பேங்கில் நிலையான வைப்பில் போடுகிறீர்கள், இல்லையா? அந்த வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதத்தை நிறுத்திவைத்தல் வரி என்று பேங்க் வெட்டுகிறது. முன்பு 5 வீதமாக இருந்தது. உங்கள் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், அதைச் சொல்லி ஒரு பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். அப்புறம் வெட்டமாட்டார்கள். டின் என்கிற வரி இலக்கம் கேட்பார்கள், அதையும் எடுத்து வையுங்கள். இதை ஒரு தொழிற்சங்க ஆபீசிலாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. சங்கச் சந்தா மட்டும் மாதம் தவறாமல் சம்பளச் செக்ரோலில் வெட்டுப்படுகிறது.

சரி, இந்த வரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். டிசம்பர் 1ஆம் திகதியே வற் 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. வருடத்துக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாய் வியாபாரம் இருந்தால் வற்றுக்குப் பதியவேண்டும் என்றிருந்ததை 30 கோடி என்று ஆக்கினார்கள். பட்டாசு கொளுத்தினோம். நம்முடைய டவுன் கடையில் எந்தச் சாமானின் விலை குறைந்தது என்று யாராவது ஞாபகம் வைத்திருந்தால் கையை உயர்த்துங்கள்... ஒரு கையும் காணவில்லை.

அரசாங்கத்தின் வருமானம் சரிந்தது. அதற்கு மேலே கொரோனா. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அது மலையை என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்து இல்லாததால் திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அவசரமானவை மட்டும்தான் நடக்கும் என்றார்கள். சரியாக இரண்டு வாரத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் கையை விரித்தது. அப்புறம் வற் 12 ஆனது, 15 ஆனது, 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆனது. அதுவரை வற் இல்லாமலிருந்த காஸுக்கும் பெற்றோலுக்கும் அன்றைக்கே வற் ஏறியது. குறைத்தபோது யாருடைய பைக்குள் போனது, கூட்டினபோது யாருடைய பையிலிருந்து எடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மஹிந்த, பசில் ஆகிய மூவரும் வேறு சில அதிகாரிகளும் இந்தப் பொருளாதார நெருக்கடி விஷயத்தில் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது நல்லதுதான். ஆனால் அந்த வருடங்களில் மருந்தில்லாமல் அலைந்தவர்களுக்கு அதனால் ஒரு பனடோல் கார்ட்டும் கிடைக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, வயது எழுபதை நெருங்கியும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர். சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. கிளினிக் நாளென்றால் விடிய நான்கு மணிக்கு எழும்பி, ரொட்டியும் சம்பலும் பொட்டலம் கட்டிக்கொண்டு, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு இறங்குவார். அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நம்பர் எடுத்து, பிரஷர் பார்த்து, டொக்டரைக் காண பதினொரு மணியாகும். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், பெரியம்மா தமிழில் சொல்லுவார், நடுவில் யாராவது ஒரு ஸ்கூல் பிள்ளை மொழிபெயர்க்கும். வயிற்றுப் பிரச்சினையை அடுத்த வீட்டுப் பிள்ளை வழியாகச் சொல்ல வெட்கப்பட்டு, “ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு எழும்புவார்.

அப்புறம் மருந்து வரிசை. நான்கு மருந்தில் சீனிக்கு மெட்ஃபோமின் இருக்கும், பிரஷருக்கு லொசாட்டன் இருக்காது. ஒரு துண்டில் எழுதி “வெளியில வாங்குங்க” என்று நீட்டுவார்கள். போன மாதம் பெரியம்மா அந்த ஜன்னலில் நின்று போட்ட சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டதாம். உள்ளே இருந்த பிள்ளையும் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கிறது. இரண்டு பேருமே பாவம். அந்தப் பிள்ளை மருந்தை ஒளித்து வைக்கவில்லையே!

மருந்து எப்படி வருகிறது? ஆஸ்பத்திரி தனக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பீடு அனுப்பவேண்டும். கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு அதையெல்லாம் சேர்த்துக் கூட்டவேண்டும். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோரி வாங்கவேண்டும். மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் அந்த மருந்து பதிவாகியிருக்கவேண்டும். திறைசேரி காசு விடவேண்டும். அதற்குப் பிறகு மாவட்டக் களஞ்சியம், அதற்குப் பிறகு நம்முடைய ஜன்னல். 1971இல் பேராசிரியர் சேனக்க பிபிலே அந்தக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, அவசியமான மருந்தைப் பொதுப்பெயரில் மலிவாக மொத்தமாக வாங்கலாம் என்று காட்டினார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்த்துப் படித்த முறை அது. அதே நாட்டில், கண்டி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போன கெஹெலிய ரம்புக்வெல்ல சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் நடந்த இம்யூனோகுளோபுலின் என்கிற ஊசிமருந்தின் கொள்வனவு விவகாரத்தில் அவரே 2024 பெப்ரவரியில் கைதானார். குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்ல வருவது, பெரியம்மாவின் சத்தம் போய்ச் சேரவேண்டிய தூரத்தை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரிகள் யாருடையவை? தோட்டத்து டிஸ்பென்சரி என்றால், 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்து அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. நாட்டு மக்களுக்கு 1951இலிருந்து இலவச மருத்துவம் கிடைத்தபோதும் நாம் துரையின் டிஸ்பென்சரிக்குத்தான் போனோம். பிற்காலத்தில் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, பல அப்படியே கிடக்கின்றன. கண்டி தேசிய வைத்தியசாலையும் பதுளை போதனா வைத்தியசாலையும் கொழும்பு அமைச்சின் கீழ். அதற்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ். சரி, மாகாண சுகாதார அமைச்சரிடம் போய்க் கேட்போம் என்றால் அப்படி ஒருவரே இல்லை! மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, ஊவாவுடையது 2019இல். அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். ஆட்சிகள் மாறின, இது மாறவில்லை. நம்முடைய பெரும்பாலான ஆஸ்பத்திரிகளுக்கு நாம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த பொறுப்பாளி இத்தனை வருடமாக ஒருவரும் கிடையாது. நம்முடைய தலைவர்களில் எத்தனை பேர் இதற்காக ரோட்டுக்கு இறங்கினார்கள்? சம்பளத்துக்கு இறங்கினார்கள், வாஸ்தவம். அதன் கதையும் தெரியும்தானே. 2024 மே தினத்தில் கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 என்று அறிவிக்க, கைதட்டல் வானத்தைப் பிளந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் கைக்கு வந்தது 1350.

பிரதேச சபை விஷயமும் இப்படித்தான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் நாம் வாக்குப் போட்டு உறுப்பினர்களை அனுப்பினோம். அவர்கள் நம்முடைய லயத்துக்கு முன்னால் ஒரு வாய்க்கால் வெட்டுவதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. அந்த உறுப்பினர்களில் அநேகம் பேர் இதை நமக்குச் சொல்லக்கூட இல்லை.

அவர்கள் கொடுத்தது வேறு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் கதிரையின் முதுகைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். வெள்ளைப் பெயின்றில் ஒரு பெயர் இருக்கிறதா? கௌரவ இன்னார் அவர்களின் அன்பளிப்பு. பாட்டி, சிரிக்காதீர்கள், உங்கள் கதிரையிலும் இருக்கிறது. அந்தப் பெரிய மனிதர் தன்னுடைய வீட்டு நகையை அடகு வைத்து இதை வாங்கவில்லை. பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து வாங்கினது. அந்த நிதிக்குள் நீங்கள் காஸ் சிலிண்டருக்குக் கொடுத்த வற்றும் இருக்கிறது. கூரைத் தகரமும் அப்படித்தான், கோயிலுக்கு வந்த லவுட்ஸ்பீக்கரும் அப்படித்தான். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கதிரையில்லாமல் நின்றுகொண்டு என் பேச்சைக் கேட்கமுடியாது. அதற்குப் பொன்னாடை எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

“அப்ப யார்கிட்டதான் போய்க் கேக்கிறது?” என்று அந்த அக்கா கேட்கிறார். நியாயம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவோம், தரமாட்டோம் என்று முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அங்கேயே மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் ஆணைக்குழு. மந்திரக்கோல் இல்லை இது. இழுத்தடிப்பார்கள், அலையவிடுவார்கள். ஆனாலும் “இந்த ஆஸ்பத்திரிக்குப் போன வருடம் எவ்வளவு லொசாட்டன் கேட்டீர்கள், எவ்வளவு வந்தது, எந்த எந்த மாதம் இல்லாமல் போனது, தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இடம் இருக்கிறதா, இருந்தால் ஏன் காலியாகக் கிடக்கிறது” என்று பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அது ஒரு கோப்பில் ஏறும். ஜன்னலில் போடுகிற சத்தம் எந்தக் கோப்பிலும் ஏறாது.

பதில் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பேசுங்கள். மாகாண சபைத் தேர்தல் எப்போது, அதற்கு நீங்கள் பாராளுமன்றத்தில் எத்தனை தடவை எழும்பினீர்கள் என்று கேளுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஆளும் கட்சியானாலும் சரி. முந்தியவர்களைத் திட்டிவிட்டு இப்போது இருப்பவர்களிடம் கேட்காமல் விட்டால் நாம் ஆளைத்தான் மாற்றியிருக்கிறோம்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் அந்த விண்ணப்பப் படிவங்கள் தமிழில் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் நிரப்பித் தருவார்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்தவர்கள் அதில் வெளியில் வாங்கச் சொல்லி எழுதியிருக்கும் மருந்துகளின் பெயரைக் காட்டினால் போதும், கேள்வியை நாங்கள் எழுதுகிறோம். மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது, அவர்கள் முதலில் வாருங்கள். மற்றவர்கள் இருந்து கேள்வி கேட்கலாம். வணக்கம்.