கிளைமில் எழுதாதது உங்களுடையது ஆகாது

(கோவையில் பட்டறை உரிமையாளர்கள், மருத்துவக் கருவி செய்வோர், பொறியியல் மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பீளமேட்டிலோ கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு சாமான் புதிதாக வந்தால், பக்கத்துப் பட்டறையில் அதைப் பிரித்து அளவெடுத்து, அடுத்த வாரம் வார்ப்புக்கான பேட்டர்ன் செய்துவிடுவார்கள். இந்த ஊர் தொழில் கற்ற வழி அது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்த பிறகு, இங்கே பரவிய மோட்டார், பம்ப்செட் தொழிலின் பெரும்பகுதி ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதுதான். ஆகவே பேடண்ட், அதாவது காப்புரிமை, என்றதும் இங்கே எழும் முதல் கேள்வி, "ஏனுங்க, நான் செஞ்ச மெஷின் எனக்குத்தானே சொந்தம்?" என்பது.

மெஷின் உங்களுக்குத்தான் சொந்தம். அதே மாதிரி இன்னொருவர் செய்வதைத் தடுக்கும் உரிமை மட்டும் தனி. அந்த உரிமையின் எல்லையை பேடண்ட் மனுவின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் கிளைம், அதாவது உரிமை கோரும் வாசகம்தான் வகுக்கிறது. கோர்ட்டு உங்கள் மெஷினை எதிராளியின் மெஷினோடு ஒப்பிடாது. உங்கள் கிளைமின் சொற்களை அவர் மெஷினோடு ஒப்பிடும். தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு, அதுவும் பதிவு செய்த நாட்டில் மட்டும்.

லேத்து வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. மிர்சாப்பூரில் பாத்திரம் கடையும் தொழில். பழைய முறையில் பாத்திரத்தை லேத்தின் சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பசை வைத்து ஒட்டிக் கடைவார்கள். வேலை மெதுவாக நடக்கும்; சுழலும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைக் காயப்படுத்தும். ஒரு நிறுவனம் எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டாக்கிலிருந்து ஸ்பிண்டில் என்ற தண்டை அழுத்தி, பாத்திரத்தை இரண்டுக்கும் நடுவே பிடிக்கும் ஏற்பாட்டுக்கு 1951-இல் பேடண்ட் வாங்கியது. வேலை வேகமானது, ஆபத்தும் குறைந்தது. பயனில் ஐயமே இல்லை. ஆனாலும் 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்த பேடண்டை ஏற்கவில்லை. டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடிப்பது லேத்துக்காரர் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தெரிந்த பாகத்தை அது வழக்கமாகச் செய்யும் வேலைக்கே வைத்தது வெறும் பட்டறை மேம்பாடு, தெரிந்ததைத் தாண்டிய கண்டுபிடிப்புப் படி (இன்வென்டிவ் ஸ்டெப்) அதில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கிருந்து போகும் மனுக்களில் பலவற்றின் பலவீனம் இதுவே என்பது என் கணிப்பு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் செல்போன் வழியே மோட்டாரை இயக்கும் ஒரு ஜிஎஸ்எம் போர்டு, ஒரு டைமர், ஒரு லெவல் சென்சார் வைத்தால் விவசாயிக்கு உதவிதான். ஆனால் தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால், அது வெறும் அடுக்கல் என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு தள்ளிவிடும். ஒன்று மற்றொன்றின் நடத்தையை மாற்றுகிறது, அதனால் முன்பு கிடைக்காத விளைவு கிடைக்கிறது என்று காட்ட வேண்டும். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைப் பார்த்து நிறுத்தும் ரிலே பழையது. வோல்டேஜ் ஆட்டத்தையும் வறண்ட ஓட்டத்தையும் பிரித்தறிய நீங்கள் எதை அளக்கிறீர்கள், அந்த அளவு ஏன் ஏமாறாது என்ற இடத்தில்தான் புதுமை இருக்கக்கூடும். அதிலும் முன்பே யாராவது எழுதியிருக்கலாம். ஆகவே முதலில் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத் தேடுதளம், கூகுள் பேடண்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் மூன்றும் இலவசம். சொல்லால் தேடினால் பாதி தப்பிவிடும். பேடண்டுகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணால் தேடுங்கள். சென்ட்ரிபியூகல் பம்புக்கு எஃப்04டி, கடைசலுக்கு பி23பி, உடல் அளவீட்டுக் கருவிகளுக்கு ஏ61பி 5.

இனி மருத்துவக் கருவிகளுக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் கிளிப், அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டாக்குவோ அயோயாகி 1972-இல் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது வழியே ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கும் வேலை. நாடித் துடிப்பு அந்த வரைகோட்டைக் குலைத்தது. இரண்டு அலைநீள ஒளியை எடுத்து, ஒன்றின் துடிப்பால் மற்றதன் துடிப்பைக் கழித்தார். கோடு சீரானது, ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மாறினால் கழிவு பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையே ஆக்சிஜனின் அளவு என்று பிடித்துக்கொண்டார். தொல்லை என்று நினைத்த துடிப்பே அளவுகோலானது.

இன்றைய கிளிப்பில் சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, எதிரே ஒரு போட்டோடயோடு. ஒவ்வொரு ஒளியிலும் துடிக்கும் பகுதியைத் துடிக்காத பகுதியால் வகுத்து, சிவப்பின் விடையை அகச்சிவப்பின் விடையால் வகுப்பார்கள். விகிதம் 1 வந்தால் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு ஏறத்தாழ 85 சதவீதம். துடிக்கும் பகுதி விரலைக் கடந்து வரும் ஒளியில் சில சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், விரல் குளிர்ந்தாலோ கை ஆடினாலோ எண் அலைபாயும். நகப்பூச்சு ஒளியை விழுங்கும். கரும்புகை மூச்சில் ஏறியவருக்குக் கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தைக் கருவி நல்ல ரத்தம் என்று காட்டும். ஆபத்தானவரிடம் 98 காட்டலாம். ஆரோக்கியமானவர்களிடம் ஆக்சிஜனைக் குறைத்து எடுத்த அட்டவணையை வைத்துத்தான் எண் வருகிறது. 70-க்குக் கீழே காட்டுவதை நம்பக்கூடாது.

பேடண்டுக்கு வருவோம். நிஹோன் கோடன் ஜப்பானில் 1974 மார்ச் 29 அன்று மனு செய்தது. மினோல்டா நிறுவனம் அதே தத்துவத்துக்கு ஏப்ரல் 24 அன்று மனு செய்தது. ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. ஜப்பானில் முந்தியவருக்கே உரிமை. ஆனால் நிஹோன் கோடன் வெளிநாட்டில் மனு செய்யவில்லை. அமெரிக்காவில் பேடண்ட் மினோல்டாவுக்குப் போனது. கருவியைக் கண்டுபிடித்தவர் ஒருவர், பெரிய சந்தையில் காகிதம் வைத்திருந்தவர் வேறொருவர். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இந்திய மனுத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டு மனுவோ, பல நாடுகளுக்குப் பொதுவான பிசிடி மனுவோ போட வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் மனு செய்ய விரும்பினால், அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்கே மனு செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

நம் சட்டத்தில் இன்னொரு முள் இருக்கிறது. நோயறியும் செயல்முறைக்கு இந்தியாவில் பேடண்ட் கிடையாது, பிரிவு 3(ஐ). கருவிக்கு உண்டு. "நோயாளியின் விரலில் ஒளி பாய்ச்சி, விகிதம் கணித்து, நோயைக் கண்டறியும் முறை" என்று எழுதினால் விழும். "ஒளிமூலம், உணரி, கட்டுப்பாட்டுச் சுற்று கொண்ட கருவி" என்று பாகங்களாக எழுதினால் நிற்க வாய்ப்புண்டு. நோயைத் தன்னளவில் கண்டறிந்து சொல்லாத சோதனை முறையை இந்தப் பிரிவு தடுக்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னதால் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் கருவி கிளைமை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள். கிளைம் முழுக்க அல்காரிதமாக இருந்தால், அல்காரிதத்துக்கு பேடண்ட் மறுக்கும் 3(கே) பிரிவு காத்திருக்கும்.

கிளைம் எழுதும் முறைக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. குளிர்ந்த விரலில் துடிப்பு சிறுத்தால், விரலை மெல்ல அழுத்தித் தளர்த்தித் துடிப்பை வரவழைக்கும் காற்றுப்பை ஒன்றைக் கிளிப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஆர்வத்தில் முதல் கிளைமிலேயே அலுமினிய உடல், 2 மி.மீ. ஸ்பிரிங், ஓஎல்இடி திரை, காற்றுப்பை என்று எல்லாவற்றையும் எழுதினால், எதிராளி உடலை பிளாஸ்டிக்கில் போட்டு வெளியே நடந்துவிடுவார். கிளைமில் சொன்ன ஒவ்வொரு உறுப்பும் அவரிடம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உங்கள் வாதம் தளரும். அப்படியென்றால் "விரலை அழுத்தும் உறுப்பு" என்று மட்டும் எழுதலாமா? அகலம் கூடிவிடும், பிரஷர் பார்க்கும் கஃப்பைக் காட்டியே பரிசோதகர் தள்ளிவிடுவார். நடுவழி இதுதான்: "துடிப்பலையின் உயரம் வரையறுத்த அளவுக்குக் கீழே போகும்போது மட்டும் அழுத்தும் உறுப்பை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று". புதுமை அந்தத் தொடர்பில் இருக்கிறது. காற்றுப்பை, கேம், மோட்டார் ஸ்க்ரூ என்ற மாற்று வழிகளை விளக்கப் பகுதியில் வரைபடத்தோடு எழுதுங்கள். அலுமினியமும் திரையும் முதல் கிளைமைச் சார்ந்து அடுத்து வரும் துணைக் கிளைம்களில் போகட்டும். மனு போன பிறகு புது விஷயம் சேர்க்க முடியாது. சுருக்கலாம், திருத்தலாம், அவ்வளவுதான்.

முழு மனுவுக்கு முன் தேதி பிடிக்கப் போடும் புரொவிஷனல் மனுவிலும் இதே கோளாறு வருகிறது. இரண்டு பக்கம் எழுதித் தேதி பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். 12 மாதத்துக்குள் முழு மனு போடும்போது, அந்த இரண்டு பக்கத்தில் இல்லாத அம்சத்துக்குப் பழைய தேதி கிடைக்காது. இடையில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் ஸ்டால் போட்டு அந்த அம்சத்தைக் காட்டியிருந்தால், உங்கள் புதுமையை நீங்களே கெடுத்தவர் ஆவீர்கள். கண்காட்சி விலக்கு அரசு அதற்கென்றே அறிவித்த கண்காட்சிக்குத்தான். முதலில் மனு, பிறகு ஸ்டால், பிறகு வாட்ஸ்அப் வீடியோ.

செலவு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனத்துக்கு ஆன்லைன் மனு 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கிளைம் வரை. பெரிய நிறுவனத்துக்கு 8,000. சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழோடு படிவம் 28 வைத்தால் சிறு நிறுவனச் சலுகை கிடைக்கும். பரிசோதனை கோரும் படிவம் 18-க்கு 4,000. 2024 மார்ச் 15 முதல் போட்ட மனுக்களுக்கு அதை 31 மாதத்துக்குள் தர வேண்டும். மறந்தால் மனுவைத் திரும்பப் பெற்றதாகக் கொள்ளப்படும். பழைய 48 மாதக் கணக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

பேடண்ட் இருப்பதால் மருத்துவக் கருவியை விற்கலாம் என்று ஆகாது. 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேறு: ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புக்கு மாநில அதிகாரி, ஆபத்து கூடிய சி, டி வகுப்புக்கு மத்திய அதிகாரி.

கடைசியாக, முன்வரிசையிலிருந்து சீட்டில் வந்த கேள்வி: "எங்க ஃபிட்டர் யோசனை சொன்னாருங்க, செலவு நம்முளுது. பேடண்ட் யார் பேருல?" கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் ஃபிட்டர் பெயர்தான் வர வேண்டும். மனுதாரராக நிறுவனம் வரலாம். அதற்கு அவர் எழுத்தில் உரிமை மாற்றித் தந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்தது மட்டும் போதாது. உரிமைச் சான்றை மனு போட்ட ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவர் வேலையை விட்டுப் பக்கத்துப் பட்டறைக்குப் போன பிறகு கையெழுத்துக் கேட்டால் விலை ஏறியிருக்கும். ஆகவே வரைபடம் போடும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.