முந்தானையில் முடிந்த கீழ் செட்

நேயர்களுக்கு வணக்கம்.

பல் கட்டுவதைப் பற்றியும் தாடைக் கோளாறுகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன், பல் மருத்துவரான என்னிடம் வந்த ஒரு மூதாட்டிதான் முதலில் நினைவுக்கு வந்தார். மேல் பல் செட்டை வாயில் போட்டுக்கொண்டு, கீழ் செட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். முடிச்சை அவிழ்த்தபோது செட்டோடு இரண்டு வெற்றிலையும் ஒரு பஸ் டிக்கெட்டும் மேசைமேல் விழுந்தன. "ஏஞ்சாமி, மேலது நல்லாத்தான் நிக்குது. கீழது ஒரு வாய் களி தின்னா எந்திரிச்சு வந்துருது. கல்யாணங் காச்சிக்குப் போட்டுக்கத்தான் ஆகுது" என்றார். அது அவருக்கு மூன்றாவது செட். நான் மிகுந்த நம்பிக்கையோடு நான்காவதைக் கட்டிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அதுவும் முந்தானைக்கே போய்ச் சேர்ந்தது.

கைவேலை சரியில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஈரமான இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேல் செட் அப்படித்தான் நிற்கிறது. அண்ணம் முழுவதும் அதற்குப் பிடிமானம், இடையில் எச்சில் ஒரு மெல்லிய படலம். கீழ் செட்டுக்குக் கிடைக்கும் பரப்போ ஏறக்குறைய அதில் பாதிதான். அதற்குள்ளும் நாக்கு ஒரு பக்கம் தள்ளுகிறது, கன்னம் மறுபக்கம் தள்ளுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உட்கார்ந்திருக்கும் எலும்பே ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருக்கிறது.

இதைத்தான் இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்லைப் பிடுங்கினால் பல் மட்டும் போவதில்லை, அதைத் தாங்கிய எலும்பும் போகிறது. பல் வேரைச் சுற்றி நுண்ணிய நார்கள் இருக்கின்றன. நாம் கடிக்கும்போதெல்லாம் அவை எலும்பை இழுத்து, அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. புதிதாகக் கட்டிய வரப்பு மழைக்கு மழை கரைந்து, ஒரு நாள் வயலோடு வயலாகிவிடுவதைப் போல ஈற்று மேடு தாழ்ந்துபோகிறது. முதல் ஆண்டில்தான் மிக வேகமாகத் தாழ்கிறது. டால்கிரன் என்ற பெண் ஆய்வாளர், செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் எக்ஸ்ரே மூலம் தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டினார். கோபிப் பக்கத்து ஆத்தாவின் முந்தானை முடிச்சுக்கு விடை அந்த ஆய்வில் இருந்தது. இருபது ஆண்டுகளாகப் பல்லில்லாத தாடை அது. மேடே இல்லாத இடத்தில் நான்காவது செட் என்ன, நாற்பதாவது செட்டும் நிற்காது.

இங்கே சற்று விலகி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியைச் சொல்ல அனுமதியுங்கள். பல் போனால் சொல் போச்சு என்கிறோம். செட்டை வார்ப்பதற்கு முன், பற்களை மெழுகில் நட்டு வாயில் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அன்று நோயாளியை ஆங்கிலத்தில் ஐம்பதிலிருந்து எண்ணச் சொல்ல வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்த எண்களில் வரும் "எஃப்" ஒலிக்கு மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டைத் தொட வேண்டும்; தொட்டால் பல்லின் நீளம் சரி என்று பொருள். நானும் அப்படியே சொல்லச் சொன்னேன். நம் ஊர்ப் பெரியவர்களோ இரண்டு உதடுகளையும் அழுத்தி மூடி "பிப்டி, பிப்டி ஒன்" என்றார்கள். அதில் பல்லுக்கு வேலையே இல்லை! பல மாதங்கள் இப்படி வீணான பிறகுதான் பள்ளியில் படித்த தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்று அதில் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அன்று முதல் என் அறையில் பவானி, அவினாசி, வெள்ளகோவில் என்று ஊர்ப்பெயர்கள் ஒலிக்கத் தொடங்கின. உயரம் பார்ப்பதற்கு சத்தியமங்கலம், சென்னிமலை, சிவன்மலை. சகரம் சொல்லும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நெருங்க வேண்டும், மோதக் கூடாது. சென்னிமலையில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால், பற்களை உயரமாக நட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டு மெழுகைத் திரும்ப உருக்குவேன். இதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவேன், நேயர்கள் தப்பித்தீர்கள்.

எலும்புக்கு வருவோம். கரையும் எலும்பை நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு திசைகளிலிருந்து விடை கிடைத்தது. ஒன்று, எல்லாப் பற்களையும் பிடுங்காமல் இருப்பது. 1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்களின் வேர்களை மட்டும் விட்டுவைத்து அவற்றின்மேல் செட் போட்டவர்களையும், அனைத்தையும் பிடுங்கியவர்களையும் ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். பிடுங்கியவர்களின் தாடை முன்பகுதியில் சராசரியாக 5.2 மில்லிமீட்டர் எலும்பு போயிருந்தது. வேரை விட்டவர்களுக்கு 0.6 மில்லிமீட்டர்தான். ஆகவே "மிச்சமிருக்கிற ரெண்டையும் புடுங்கிருங்க டாக்டர், ஒரே செட்டாப் போட்டுக்கறேன்" என்று யாராவது வந்தால் நான் வாதாடாமல் விடுவதில்லை.

மற்றொன்று சுவீடனிலிருந்து வந்தது. 1952இல் பிரானமார்க் என்ற ஆய்வாளர், இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் தாடைக் குறைபாட்டோடு பிறந்த யோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன. இன்று எல்லோரும் இம்பிளாண்ட் என்று சொல்வது இதைத்தான். விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முன்பகுதியில் இரண்டு இருந்தால் போதும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். திருப்பூரில் குழந்தைச் சட்டைக்கு வைக்கும் பிரஸ் பட்டனைப் போல, செட் அவற்றின்மேல் "டக்" என்று மாட்டிக்கொள்ளும். இரவில் கழற்றி நீரில் போடலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் புகைபிடிப்பவர்களும் மட்டும் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். தாடை மூட்டுக்கு என்று தனியே எடுத்துவைத்திருந்த நான்கு பக்கங்களும் கையில் அப்படியே இருக்கின்றன, ஆகவே விரைந்து சொல்கிறேன். காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் அசைவது அந்த மூட்டு. கடவாய்ப் பல் இல்லாததால் மூட்டு பின்னுக்குத் தள்ளப்பட்டுக் காது வலிக்கிறது என்று 1934இல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர் எழுதினார். அதை நம்பிப் பல பத்தாண்டுகள் பல் மருத்துவர்கள் பல்லை உயர்த்தினார்கள், ராவினார்கள். பிற்கால ஆய்வுகளில் பல்லின் பங்கு சிறிதாகவே தெரிந்தது. தூக்கக் குறைவு, மனக்கவலை, பகலில் தன்னை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் ஆகியவை முன்னே வந்தன. ஆகவே தாடை வலிக்கு முதலிலேயே பல்லை ராவ ஒப்புக்கொள்ளாதீர்கள். வலியில்லாமல் "கிளிக்" என்று சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. உங்கள் மூன்று விரல்களை நெடுக்காக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால், அதுவும் பொட்டலப் பாக்குப் போடும் இளைஞராக இருந்தால், அது மூட்டுக் கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகியிருக்கலாம், அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. இந்த வாரமே காட்டிவிடுங்கள். விளக்கு அணையப்போகிறது, நன்றி, வணக்கம்.