பேஸ் பலகை கோணாம இருக்கணும்னா

வணக்கம் நேயர்களே. நவராத்திரி நெருங்கிட்டு இருக்கு, கொலுப் படிக்குப் பக்கத்துல பார்க்கு, மலைக்கோயில், தெப்பக்குளம்னு செட் போடுறவங்க இப்பவே வேலைய ஆரம்பிச்சிருப்பீங்க, எக்ஸிபிஷனுக்கு மாடல் செய்யுற பசங்களும் கேட்டுக்கிட்டு இருப்பாங்க, அதனால டயோராமாவுக்கு, அதாவது ஒரு காட்சிய சின்னதா அப்படியே செஞ்சு வைக்கிற இந்த மாதிரி செட்டுக்கு, அடியில வைக்கிற பேஸ் பத்தி பேசலாம்னு வந்திருக்கேன்.

பொம்மை, மரம், சீரியல் லைட்டு எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு, பேஸுக்கு மட்டும் வீட்டுல கிடக்குற ஏதோ ஒரு அட்டைய கடைசி நேரத்துல எடுத்து வைக்கிறவங்கதான் அதிகம். பேஸ முதல்ல முடிவு பண்ணுங்க, அத தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். ஏன்னா பேஸ் வெயிட் தாங்காம உடையிறது ரொம்ப அபூர்வம், அது கெட்டுப்போறது தண்ணியாலயும் தூக்குறப்போ முறுக்கிக்கிறதாலயும்தான்.

தண்ணி எங்க இருந்து வருதுனு கேட்பீங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல தண்ணி, காகிதக் கூழ்ல தண்ணி, ஃபெவிகால்ல தண்ணி, பெயின்ட்லயும் தண்ணி. இது எல்லாத்தையும் பலகையோட மேல் பக்கம் மட்டும்தான் பூசுறோம். மேல் பக்கம் ஈரத்தக் குடிச்சு உப்புது, கீழ் பக்கம் அப்படியே இருக்கு, அப்புறம் மேல பூசினது காயுறப்போ சுருங்கி பலகைய இழுக்குது, ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா நாலு மூலையும் மேல தூக்கிக்கிட்டு நிக்கும். அதனால எந்தப் பலகையா இருந்தாலும் வேலைக்கு முன்னாடியே வுட் பிரைமரோ வார்னிஷோ ரெண்டு கோட் அடிச்சிடுங்க, மேல, கீழ, முக்கியமா நாலு ஓரத்துலயும், ஆணி போட்ட ஓட்டையக் கூட விடாதீங்க. அடிப்பக்கம் யாரு பார்க்கப் போறாங்கனு விட்டுடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா இன்னொரு பக்கம் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும்.

கொலு பார்க்குல கேழ்வரகு, வெந்தயம், கடுகு தூவி முளைக்க வச்சு புல்வெளி பண்ணுவாங்க, பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும், ஆனா ஒன்பது நாளும் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், அதுக்கு எந்த மரப்பலகையும் நேரடியா சரிப்படாது. ஓரம் உசந்த அலுமினிய ட்ரே இல்லன்னா தாம்பாளத்துல மண்ணக் கொட்டி அத பலகை மேல வச்சுக்கோங்க, சுத்தி களிமண்ணோ பாசியோ வச்சு விளிம்ப மறைச்சிடலாம்.

பலகைனு வந்தா என்னோட ஓட்டு பிளைவுட்டுக்குத்தான். அதுல ஒவ்வொரு அடுக்கோட நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்கா ஓடுறதால ஒண்ணு வளைய நினைச்சா இன்னொண்ணு விடாது. எம்ஆர், அதாவது ஓரளவு ஈரம் தாங்கும்னு முத்திரை போட்டது வீட்டுக்குள்ள வைக்கப் போதும், ஈரம் ஜாஸ்தின்னா கொதிக்கிற தண்ணியையும் தாங்குற பிடபிள்யூபி, அதாவது மெரைன் பிளை கேளுங்க. முழு ஷீட் வாங்க வேண்டாம், வெட்டு துண்டு கடையிலயே கிடக்கும், ஓரத்துல அடுக்குக்கு நடுவுல சந்து இருக்கானு பாருங்க, தரையில போட்டு ஒவ்வொரு மூலையா அழுத்துங்க, ஆடுச்சுன்னா அது ஏற்கெனவே கோணினது, எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

எம்டிஎஃப், அதாவது மரநாரப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகை, பார்க்க வழவழன்னு இருக்கும், வெட்டவும் சுலபம், ஆனா வெட்டின ஓரத்துல தண்ணி பட்டா ஊறின ரொட்டி மாதிரி உப்பிடும், காய்ஞ்சாலும் பழைய அளவுக்கு வராது. வெயிட்டும் ஜாஸ்தி, 12 மில்லிமீட்டர்ல மூணுக்கு ரெண்டு அடி துண்டே கிட்டத்தட்ட 5 கிலோ வரும்.

பலகையோட தடிமனக் கூட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. அதே பிளைவுட்ல 6 மில்லிமீட்டர் பலகைய விட 12 மில்லிமீட்டர் பலகை வளையாம நிக்கிற பலம் எட்டு மடங்கு, ஆனா வெயிட்டும் ரெண்டு மடங்கு ஆயிடுதே. அதனால பெரிய செட்டுக்கு 6 மில்லிமீட்டர் பிளைய எடுத்து அடியில சுத்திவர ரீப்பர் கட்டைய ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டு அடிச்சு நடுவுலயும் ஒரு குறுக்குக் கட்டை கொடுத்துட்டா லேசாவும் இருக்கும், ஸ்ட்ராங்காவும் இருக்கும், கட்டைக்கு நடுவுல இருக்குற இடத்துல லைட்டு வயரையும் ஓட்டிக்கலாம்.

தெர்மாகோல் மலை செய்யத்தான் லாயக்கு, பேஸுக்கு இல்ல. பிளைவுட் மேல தெர்மாகோல் ஒட்டுறது நல்ல ஜோடி, ஆனா தின்னர் மாதிரி சால்வென்ட் கலந்த பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோல அரிச்சுத் தின்னுடும், வெள்ளை ஃபெவிகால மெல்லிசா தடவி மேல பாரம் வச்சு ரெண்டு நாள் விட்டுடுங்க.

காசு செலவு பண்ண முடியாத பசங்க கவலையே பட வேண்டாம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிய மூணு துண்டா வெட்டி, உள்ள இருக்குற அலை அலையான கோடு ஒண்ணுல நீளவாக்குல, அடுத்ததுல குறுக்குவாக்குல வர்ற மாதிரி மாத்தி மாத்தி ஒட்டி பாரம் வச்சுக் காய விடுங்க, ஸ்கூல் மாடலுக்கு அது தாராளமா தாங்கும், பஸ்ல மடியில வச்சுக்கிட்டும் போயிடலாம்.

மூணு அடிக்கு மேல போச்சுன்னா ரெண்டு துண்டா செய்யுறதே நல்லது. நெப்போலியன் தோத்த வாட்டர்லூ போர்க்களத்த வில்லியம் சைபார்ன்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மாடலா செஞ்சு 1838ல லண்டன்ல காட்சிக்கு வச்சாரு, 70 ஆயிரத்துக்கும் மேல குட்டிக் குட்டி வீரர்கள், ஒரு பெரிய ஹால் அளவு, அதையும் தனித்தனி துண்டாத்தான் செஞ்சிருக்காரு, இன்னிக்கும் லண்டன் நேஷனல் ஆர்மி மியூசியத்துல இருக்கு. நீங்களும் கோயில் மதில், ஆத்தங்கரை, வயல் வரப்பு மாதிரி இயல்பாவே கோடு விழுற இடத்துல இணைப்பு வர்ற மாதிரி பிரிச்சுக்கோங்க, அடியில ரீப்பர் கட்டையில ஓட்டை போட்டு ரெண்டு போல்ட்டு, இறக்கை நட்டு போட்டா ஸ்பேனர் கூட வேண்டாம், கையாலயே கழட்டி மாட்டலாம். நாலு மூலையிலயும் ரப்பர் புஷ் அடிச்சிடுங்க, அப்பத்தான் தூக்குறப்போ விரல் உள்ள போகும். நன்றி, வணக்கம்.