நிலாவை முதலில் அழைத்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பெங்களூருப் பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் கைகோத்துச் சுற்றிவந்து பாடும் ‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ பாட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை உலவுகிறது. 1665-இல் லண்டனை வாரிக்கொண்டுபோன பிளேக்கைச் சொல்லும் பாட்டாம். ரோசா என்றால் உடம்பில் வந்த தடிப்பாம், கடைசியில் பொத்தென்று விழுவது சாவாம். இதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பிளேக்கின்போது லண்டனில் இருந்து நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் இப்படியொரு பாட்டைச் சொல்லவே இல்லை. இங்கிலாந்தில் ஓவியர் கேட் கிரீனவேயின் குழந்தைப் பாடல் தொகுப்பில் அது அச்சேறியது 1881-இல். பிளேக் கதை பரவியதோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. குழந்தைப் பாடல்களைத் தேடித் தொகுத்த ஓப்பி தம்பதியரும் அதை ஏற்கவில்லை.

இவ்வளவு அலைந்து தேடத் தேவையில்லாத பழமை நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘நிலா நிலா ஓடி வா’ என்று மொட்டைமாடியில் சோறு ஊட்டுகிறோமே, அதே அழைப்பைப் பெரியாழ்வார் ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடிவிட்டார். யசோதை இடுப்பில் கண்ணன். சின்னக் கையை நீட்டி நீட்டி நிலாவைக் கூப்பிடுகிறான். ‘மஞ்சில் மறையாதே மாமதீ மகிழ்ந்து ஓடிவா’ என்கிறாள் தாய். மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளாதே என்று நிலாவிடம் கெஞ்சுகிறாள். ஆழ்வார் இதைத் தாமாகக் கற்பனை செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைய தாய்மார் வாயில் கேட்டதைத்தான் பாசுரமாக்கியிருப்பார். பின்னாளில், தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக எண்ணிப் பாடும் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில், நிலாவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம் என்றே ஒன்று அமைந்தது.

‘யானை யானை அழகர் யானை’யைப் பாருங்கள். அழகர், சொக்கர் என்று மதுரையின் இரு தெய்வங்களும் அதில் வருகிறார்கள். அந்த யானை காவேரித் தண்ணீரைக் கலக்குகிறது. நம் குழாயில் வருவதும் அதே காவேரிதான். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பாட்டு இன்னும் நெருக்கமாகும்.

ஆனால் அழகர் யானைக்கு ஆண்டு சொல்ல முடியாது. எழுதி வைக்காத பாட்டு பாடியவரோடு போய்விடுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும், கோலார் தங்கவயலிலிருந்து இங்கே குடிவந்த குடும்பங்களிலும் பாட்டிமார் பாடும் வரிகள் ஒன்றுபோல் இருக்காது. இந்த வாரமே கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், பிறந்த ஊர், யார் பாடிக் கேட்டார் என்பதையும் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

வணக்கம்.