கடலுக்கான காவல் கரையிலிருந்தே வர வேண்டும்

(மீனவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஊர்த் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, அலுவல்களுக்கு இடையிலும் வந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, மீன்வளத்துறை ஆய்வாளர் அவர்களே, கடலோரப் பாதுகாப்புக் குழும நண்பர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகு, விசைப்படகுச் சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கடல்பாசி எடுக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை இந்தத் தாய்மார்களில் மூத்தவருக்கே கொடுத்துவிடுகிறேன். அவர் வாங்கிக்கொண்டால் எனக்குப் பெருமை.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று சட்டம், இரண்டு கடல் அட்டை, மூன்றாவது நம் பிள்ளைகளின் வேலை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். இங்கேயும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சட்டம் நம்மிடம் தேவையான அளவு இருக்கிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. பவளப்பாறையை வெட்டி எடுத்தோம், அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது. பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் 2022இல் வந்தது. ஆனால் காகிதத்தில் இருக்கும் எல்லைக்கோடு கடலில் தெரியாது. அதைக் காக்க ஆள் வேண்டும். எந்த ஆள் என்பதுதான் கேள்வி.

மண்டபத்தில் வனத்துறை ரோந்துப் படகில் ஒரு நாள் போக எனக்கு அனுமதி கிடைத்தது. விடியும் முன்பே கிளம்பினோம். முயல் தீவைத் தாண்டும்போது தூரத்தில் ஒரு வத்தை, நம் நாட்டுப்படகு. எங்களைப் பார்த்ததும் அதிலிருந்த பெரியவர் அவசர அவசரமாக வலையை இழுக்கிறார். அதிகாரிக்குச் சந்தேகம். படகைத் திருப்பச் சொன்னார். எங்களோடு இருந்த காவலர் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. கையை உயர்த்தி, "பெரியப்பா! ஓடாதீங்க, நான்தான்!" என்று கத்தினார். வத்தை நின்றது.

கிட்டே போனால் வலையில் பேராமை ஒன்று மாட்டியிருக்கிறது. மூச்சுவிட மேலே வர முடியாமல் தவிக்கிறது. கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பெரியவருக்குக் கை நடுங்குகிறது. காவலர் தம்பி கத்தியோடு தண்ணீரில் குதித்துவிட்டார். வலையைக் காப்பாற்றப் பார்த்து ஒவ்வொரு கண்ணியாக விடுவிக்கிறார். மேலேயிருந்து பெரியவர் சொன்னார்: "அறுத்துவிடுப்பா, வலையை நான் பின்னிக்குவேன். அது செத்துப் போயிரும்." வலை அவருடையது, கடன் அவருடையது. அப்படியும் அவர் சொன்னது அதுதான். (கைதட்டல்)

ஆமை போன பிறகு எங்கள் படகில் டீ குடித்தார். கால் மணி நேரம் ஊர்க்கதை ஓடியது. அதன்பிறகு மெதுவாக ஆரம்பித்தார். முந்தின நாள் இரவு இந்தப் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டுப் பக்கம் ஊருக்குச் சம்பந்தமில்லாத படகு ஒன்று நின்றதாம், சாக்கு சாக்காக ஏற்றினார்களாம். எந்தத் திசையில் போனது என்பதையும் சொன்னார். அந்த அதிகாரி எத்தனை வருடம் சுற்றினாலும் அவருக்குக் கிடைக்காத செய்தி, "பெரியப்பா" என்ற ஒரு சொல்லுக்குக் கிடைத்தது. ஊர் கூடினால்தான் தேர் நகரும், ஐயா.

சாக்கில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடல் அட்டை. 2001இலிருந்து பிடிக்கத் தடை. மண்ணைத் தின்று, அதிலிருக்கும் கழிவைச் செரித்து, சுத்தமான மண்ணாக வெளியே தள்ளுகிற உயிர் அது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், இங்கே கூடாது. அந்த வித்தியாசத்தில்தான் கடத்தல்காரர் பிழைக்கிறார். தடை சரியா என்று சங்குகுளி நண்பர்கள் கேட்பார்கள். அது பெரிய விவாதம், நேரம் இல்லை. என் மூன்றாவது விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அந்தக் காவலர் தம்பி நிரந்தரப் பணியாளர் இல்லை. நீரோட்டம் தெரிந்தவர், பார் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், கச்சான் காற்றில் படகு ஓட்டுவார். அடுத்த வருடம் இந்த வேலை இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. கடத்தல்காரர் ஒரே இரவில் அள்ளிக் கொடுக்கத் தயாராக இருக்கும்போது, நம் பிள்ளையை நாம் இப்படியா வைப்பது? பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். யாரும் லத்தியோடு போய் நிற்கவில்லை. 2015இல் அவர்களில் ஒருவரைத் தேடி அமெரிக்காவிலிருந்து, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது வந்தது. கடலைக் காக்கக் கரைக்காரருக்குத் தெரியும் என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

அதனால் கேட்கிறோம்: ஒவ்வொரு மீனவ ஊரிலிருந்தும் பிள்ளைகளை, பெண்களையும் சேர்த்து, நிரந்தரக் கடல் காவலர்களாக நியமியுங்கள். காலமுறைச் சம்பளம் கொடுங்கள், காப்பீடு கொடுங்கள். ஆமைக்காக அறுத்த வலைக்கு உடனே இழப்பீடு கொடுங்கள். ஊர் கூடித் தேர் இழுக்கத் தயார், வடத்தை எங்கள் கையில் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலமைச்சருக்கான மனு மேடைக்கு வலது பக்கம் மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும், கைநாட்டுக்கு மையும் வைத்திருக்கிறோம். மற்றவர்கள் வரிசையில் வாருங்கள். அதிகாரிகள் கிளம்பும் முன்பே மனுவை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். நன்றி, வணக்கம்.